மருதம்மாள், வயது முப்பத்திரண்டு

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவின் கெடா மாநிலம் முழுவதிலும் கன்னத்தில் சதை இருந்த ஒரே பிள்ளை நான்தான். என்னைப் பார்ப்பதற்கென்றே அலோர்ஸ்டாரிலிருந்து ஆட்கள் சைக்கிள் மிதித்து வந்தார்கள். பார்த்துவிட்டு, 'பிள்ளைகள் இப்படியும் இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

இதில் அலோர்ஸ்டார் கொஞ்சம் அதிகம். பீடோங்கிலிருந்து ஒரே ஒருவர் வந்தார். அவரும் என் அப்பாவிடம் உப்பு கேட்க வந்தவர். ஆனால் கன்னத்தில் சதை இருந்தது உண்மை. கிராணி வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் கொடி பறந்தாலும் கன்னத்தில் கொஞ்சம் சதை இருக்கும். நான் சொல்ல வந்தது அந்தச் சதையைப் பற்றியல்ல. அது இல்லாத ஒருத்தியைப் பற்றி.

அவள் பெயர் ராக்காயி. பீடோங்கிலிருந்து ஏழு மைல் உள்ளே போனால் எங்கள் தோட்டம் வரும். மைலைக் கட்டை என்பதால், ஏழாங்கட்டை ரப்பர் தோட்டம் என்பார்கள். என் அப்பா தர்மலிங்கம் அங்கே கிராணி. ஆபீசில் உட்கார்ந்து ஆட்களின் பெயர்ப் பட்டியலை வைத்திருப்பவர். ராக்காயியின் அப்பா பிச்சை, பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். அவளுக்கும் எனக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். நாற்பத்து மூன்றாம் ஆண்டு சித்திரை பிறந்தபோது எனக்கு ஒன்பது, அவளுக்குப் பத்து. சித்திரை முடியும்போது எனக்கு அதே ஒன்பது, அவளுக்கு முப்பத்திரண்டு.

இதில் ஒரு எழுத்துகூட நான் கூட்டவில்லை. வேண்டுமானால் பட்டியலைப் பாருங்கள் என்பேன். பட்டியலைத்தான் அப்பா பிறகு கொளுத்திவிட்டார்.

அந்த வருஷத் தொடக்கத்திலேயே பிச்சையை ரயில் பாதை போட சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றே மாதம், நல்ல சாப்பாடு, வரும்போது வேட்டி துணி என்று சொன்னார்கள். மூன்று மாதம் முடிந்தது. வேட்டியும் வரவில்லை, பிச்சையும் வரவில்லை. சித்திரையில் அவர் பெண்சாதி மருதம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்தில் கொய்னா மாத்திரை அறவே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு முந்தின மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மட்டும் இரண்டு மாத்திரை எங்கிருந்தோ வந்திருந்தது. நான் எழுந்து ஓடினேன். மருதம்மாள் எழவில்லை. ஒரு மாலையில் அவளைச் சாக்கில் சுற்றி, மரத்தடியில் புதைத்தார்கள். ராக்காயியும் அவள் தம்பி அம்மாசியும் லயத்தில், ஆட்கள் குடியிருந்த வரிசை வீட்டில், தனியாக நின்றார்கள். அம்மாசிக்கு நான்கு வயது.

மறுநாள் காலை பிரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத்தான் பிரட்டு என்று பெயர். ஜப்பான்காரன் வந்ததும் நாட்டிலுள்ள கடிகாரத்தையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி, தோக்கியோ நேரம் ஆக்கிவிட்டான். சூரியனிடம் யாரும் சொல்லவில்லை. அது பழைய நேரத்துக்கே வந்துகொண்டிருந்தது. அதனால் எங்கள் தோட்டத்தில் பிரட்டு கும்மிருட்டில் நடந்தது. மண்ணெண்ணெய் கிடையாது. ஒரு தேங்காயெண்ணெய் விளக்கு, அதுவும் அப்பாவின் பட்டியலுக்கு மட்டும். பெயரைக் கூப்பிட்டால் இருட்டிலிருந்து குரல் வரவேண்டும். குரல் வந்தால் ஆள் உண்டு, மாலையில் அந்தப் பெயருக்கு அரிசி உண்டு. பட்டியலில் இல்லாத வாய்க்கு ஒன்றும் கிடையாது.

அப்பா பழக்கத்தில் 'மருதம்மாள்' என்று கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகுதான் முந்தின நாள் மாலை நினைவுக்கு வந்தது. பென்சிலால் அந்தப் பெயரை அடிக்கப் போனார்.

"இருக்கேங்கய்யா" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது.

குரலைத் தடிமனாக்கிச் சொன்ன குரல். அப்பா விளக்கைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். தூக்கவில்லை. ஆள் வந்ததற்குப் போடும் கோட்டைப் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். "அந்தப் பொண்ணுக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான். பொழச்சுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நெகிழ்ச்சியில் எனக்கு இன்னொரு அகப்பை சோறு வைத்தாள்.

அப்பாவின் கருணை ஒரே நாளில் லயம் முழுவதும் பரவியது. பிரட்டுக்களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் மூச்சுவிடவில்லை. அந்தக் காலத்து ஒற்றுமை அப்படி.

கருணைக்கும் ஒரு முறை உண்டல்லவா? பெரிய ஆள் பெயருக்குப் பெரிய ஆள் வேலைதான் கொடுக்க முடியும். ரப்பர் வாங்க ஆளில்லாமல் மரங்களை வெட்டி, அந்த இடத்தில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். மருதம்மாளுக்கு எத்தனை நிரை உண்டோ அத்தனை நிரையும் ராக்காயி கொத்தினாள். மண்வெட்டிக் காம்பு அவள் தோளுக்கு மேலே நின்றது. தூக்கும்போது அவள் அதைத் தூக்குகிறாளா, அது அவளைத் தூக்குகிறதா என்று தெரியாது.

சின்னையா கங்காணி இந்த ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காக, அவளுக்கு வரும் அரிசியில் பாதியை வாங்கிக்கொண்டார். "வெளிய தெரிஞ்சா ஜப்பான்காரன் மொதல்ல என் தலையைத்தான் சீவுவான்" என்பார். அப்படிப்பட்ட தலைக்குப் பாதி அரிசி அதிகமில்லை. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற, பெரிய ஆளுக்கு இரண்டு கை அரிசி, சிறு பிள்ளைகளுக்கு இல்லை என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. ராக்காயியிடம் இரண்டு கை வாங்கினார்கள். மருதம்மாள் என்று பெயர் சொல்லி, விபூதியும் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடம் மட்டும் சும்மா இருந்துவிடுமா? சுப்பிரமணியம் வாத்தியாருக்கு, பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பயம். அதனால் ராக்காயியின் பெயரை அவரும் அடிக்கவில்லை. தினமும் கூப்பிடுவார். ஜப்பானிய முறைப்படி 'ஹாய்' என்று பதில் சொல்ல வேண்டும். அவளுக்குப் பதிலாக நான்தான் சொல்வேன். என் குரலில் நல்ல மிடுக்கு இருந்தது என்று வாத்தியாரே சொல்லியிருக்கிறார். ஆக, ஒரே வேளையில் ராக்காயி பத்து வயதில் பள்ளிக்கூடத்திலும், முப்பத்திரண்டு வயதில் மரவள்ளிக் காட்டிலும் ஆஜராகியிருந்தாள். அந்த வருஷம் அவளுக்குத் தவறாத வருகைக்காக ஒரு காகிதக் கொடி பரிசு. அதையும் நானே வாங்கிக்கொண்டேன்.

இத்தனை நல்லவர்கள் நடுவில் ஒரே ஒரு பொல்லாத பெண்பிள்ளை இருந்தாள். பரஞ்சோதி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வாய் மட்டும் உண்டு. ராக்காயிக்குப் பக்கத்து நிரை அவளுடையது. அவள்தான் இரக்கமில்லாமல் ராக்காயியைக் கிண்டல் செய்வாள்.

"ஏண்டி மருதம்மா, பால்பல்லு விழுந்திருச்சா?"

"விழுந்திருச்சுக்கா."

"முப்பத்திரண்டு வயசுல பல்லு விழுந்தா மறுபடி மொளைக்காதுடி. உன் புருஷன் சயாமிலேருந்து வந்தா பொக்கை வாயோடதான் நிக்கப்போறே."

ராக்காயி சிரிப்பாள். வேலைக்காட்டில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான். வெயில் சாயும் நேரத்தில் கடைசி நிரை பாக்கி நிற்கும். பரஞ்சோதி அவள் மண்வெட்டியைப் பிடுங்கி, கிராணியிலிருந்து ஜப்பான் ராஜா வரை வரிசையாகத் திட்டிக்கொண்டே அந்த நிரையைக் கொத்தி முடிப்பாள். பேச்சு அவ்வளவு மோசம். எங்கள் அம்மா என்னை அவள் பக்கம் போகவே விடமாட்டாள்.

இப்படி நான்கு மாதம் எல்லோரும் நன்றாகவே இருந்தோம்.

ஆவணியில் உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை காலை லோரி வரும், ஏழாங்கட்டையிலிருந்து சயாமுக்குப் பதினைந்து பேர் வேண்டும், ஆண் போதாவிட்டால் பெண்ணும் ஆகும். சயாமுக்குப் போனவர்கள் திரும்புவதில்லை என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சின்னையா கங்காணி வீடு வீடாகப் போனார். பிறகு எங்கள் வீட்டு வராந்தாவுக்கு வந்து தலைப்பாகையைக் கழற்றி விசிறிக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கேட்காமல் இருக்கும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை.

"பதினாலு ஆயிருச்சுங்க கிராணி. பதினஞ்சாவதுக்கு எந்த வீட்டுல போய்க் கேக்குறது? போற எடமெல்லாம் கால்ல விழுறாளுவ."

"நான் என்ன செய்ய முடியும், கங்காணி? எண்ணிக்கை குறைஞ்சா ஒதை எனக்கும் உமக்கும்தான்."

"அதுக்குத்தான் ஒண்ணு யோசிச்சேன். செத்துப்போனவ பேரு ஒண்ணு பட்டியல்ல சும்மாதானே கெடக்கு."

"யாரு?"

"மருதம்மா. அவ பேரை எழுதுங்க. வெள்ளிக்கெழமை கூப்பிடும்போது, நேத்துதான் காய்ச்சல்ல செத்துட்டான்னு சொல்லிருவோம். குழியைக் கேட்டா குழியும் இருக்கு."

அப்பா பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "யாருக்கும் பாவம் இல்லை" என்றார்.

"ஒருத்தருக்கும் இல்லீங்க."

சித்திரையில் செத்தவளை ஆவணியில் இன்னொரு தடவை சாகவைத்து, உயிரோடு இருக்கிற ஒருவரைக் காப்பாற்றுவது. இதைவிட நல்ல யோசனை எங்கள் தோட்டத்தில் அதற்கு முன்பும் தோன்றியதில்லை, பின்பும் தோன்றியதில்லை. அதில் ஒரே ஒரு குறை. அதை யாரும் ராக்காயியிடம் சொல்லவில்லை. ஒளித்துவைத்தார்கள் என்று சொல்லமாட்டேன். சத்தியமாக அவர்களுக்கு அவள் நினைவே வரவில்லை. அந்தப் பெயருக்குள் ஒரு பிள்ளை இருப்பது நான்கு மாதத்தில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை நன்றாக விடிந்த பிறகுதான் லோரி வந்தது. இடுப்பில் வாளோடு ஓர் அதிகாரி, துப்பாக்கியோடு நான்கு சிப்பாய்கள், மொழிபெயர்க்க பீடோங்கில் படம்பிடிக்கும் கடை வைத்திருந்த ஜப்பான்காரன். அவனுக்கு மலாய் தெரியும், தமிழ் தெரியாது. ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அப்பா பதினைந்து பெயரையும் படித்தார். ஒவ்வொருவராகப் போய் லோரியில் ஏறினார்கள். கடைசியாக அப்பா 'மருதம்மாள்' என்று படித்து, 'செத்துவிட்டாள்' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"இருக்கேங்கய்யா."

நான்கு மாதமாக அந்த ஒரு சொல்தான் அவளுக்கும் தம்பிக்கும் சோறு. சொல்லாத நாளில் அடுப்பு எரியாது என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை மட்டும் சொல்லக்கூடாது என்று எப்படித் தெரியும்? சாக்குத் துணியைப் பாவாடையாகக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியைப் பிடித்தபடி முன்னால் வந்து நின்றாள். பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அம்மாசி.

நான்கு மாதமாக இருட்டில் கேட்ட குரலை அன்றைக்குத்தான் எல்லோரும் வெளிச்சத்தில் பார்த்தார்கள்.

படக்கடைக்காரன் அவளைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினான். வயது என்ன என்று மலாயில் கேட்டான். பட்டியலில் முப்பத்திரண்டு என்று அப்பாவே கைப்பட எழுதியிருந்தார். இல்லை என்றால் நான்கு மாதமாகப் பொய் எழுதியது தெரிந்துவிடும். வாள் பக்கத்திலேயே நின்றது.

"முப்பத்திரண்டு" என்றார்.

"சிறிதாக இருக்கிறாளே?"

"எங்கள் ஆட்களே குள்ளம்தான்" என்றார் கங்காணி, ஆறடி உயரத்தில் நின்றுகொண்டு.

ராக்காயிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அழவில்லை. கங்காணியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "தம்பியையும் ஏத்திக்கலாங்களா?"

"அவன் பேரு பட்டியல்ல இல்லம்மா" என்றார் கங்காணி, மிகவும் வருத்தத்தோடு.

வரிசையில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். கோயில் கமிட்டி நின்றது. வாத்தியார் நின்றார். எல்லோரும் தங்கள் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரஞ்சோதி மட்டும் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"யோவ் கிராணி, நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா? அது பச்சப்புள்ளைய்யா! ஜப்பான்காரனுக்கு எடுத்துச் சொல்லுய்யா!"

அவள் என்ன சொல்கிறாள் என்று படக்கடைக்காரன் கேட்டான். கங்காணி மலாயில் விளக்கினார். "சிநேகிதி. பிரிந்து போகிறாளே என்று அழுகிறாள்."

ஒரு சிப்பாய் ராக்காயியின் தோளைப் பிடித்தான். அம்மாசி பாவாடையை விடாமல் அலறினான்.

அப்போதுதான் நான் வந்தேன்.

அப்பாவுக்குக் காலைப் பலகாரம் கொண்டுபோனவள், தூக்குச்சட்டியை வீசி எறிந்துவிட்டு ஓடினேன். நூறு பேரையும் பிளந்துகொண்டு போய் அதிகாரியின் முன்னால் நின்றேன். "இவள் என் வகுப்புப் பிள்ளை! இவளுக்குப் பத்து வயது!" என்று முழு ஜப்பானிய மொழியில், மலையில் எதிரொலிக்கும்படி கத்தினேன். சிப்பாய் ராக்காயியை விடவில்லை. அவன் கையை என் பல்லால் கவ்வினேன். துப்பாக்கி ஒரு பக்கம் விழுந்தது, அவன் ஒரு பக்கம் விழுந்தான். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தான். உறையிலிருந்து பாதி உருவிய வாளை உள்ளே தள்ளினான். 'இப்படி ஒரு பெண் எனக்குப் பிறக்கவில்லையே' என்பதுபோல் ஒரு பெருமூச்சு. ராக்காயியை விடச் சொன்னான். பதினான்கு பேரோடு லோரி போய்விட்டது.

பிறகு நீதி கிடைத்தது. மருதம்மாள் பெயரை அப்பா அடித்தார். ராக்காயி, வயது பத்து, அரை ஆள் என்று எழுதினார். அரை ஆளுக்கு அரை அரிசி. நிரை மட்டும் அதேதான், ஏனென்றால் கைப்பழக்கம் வந்துவிட்டதே. பாதி அரிசியிலும் பாதி கேட்பது நியாயமில்லை என்று சின்னையா கங்காணி கால் பங்கோடு நிறுத்திக்கொண்டார்.

பிச்சை திரும்பி வரவே இல்லை. அக்காளும் தம்பியும் எப்படியோ பிழைத்துக்கொண்டார்கள். அம்மாசி வளர்ந்து கரங்கான் பக்கம் லோரி ஓட்டினான். ராக்காயி அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி, கல்யாணம் கட்டி, மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தாள். சண்டை முடிந்து அடையாளக் கார்டு எழுத வந்தவன் 'வயசு என்ன?' என்று கேட்டபோது, 'எந்த வயசு வேணும்?' என்று திருப்பிக் கேட்டாளாம். அதை அவளே என்னிடம் சொன்னாள். அவள் கூட்டிச் சொல்கிறவள் இல்லை.

இவ்வளவையும் எழுதி முடித்து, போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம் வாசித்துக் காட்டினேன். பிஸ்கட்டைத் தேநீரில் முக்கித் தின்றுகொண்டே கேட்டாள். கோயில் கமிட்டிக்குச் சிரித்தாள். கங்காணியின் கால் பங்குக்கும் சிரித்தாள். நான் கடித்த இடம் வந்தபோது கோப்பையைக் கீழே வைத்தாள்.

"புஷ்பவள்ளி, நீ யாரையும் கடிக்கலை."

"கொஞ்சம் கடிச்சேன்லா."

"ஒரு பல்லுகூடப் படலை. கத்தவும் இல்லை. எங்கேருந்து கத்துறது? வாய் நெறைய மரவள்ளி ரொட்டி. உங்கப்பாவுக்குக் கொண்டுபோறதைப் பாதி வழியில நீயே தின்னுட்டு வந்தே. வந்து எனக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு மென்னுக்கிட்டிருந்தே. அந்த ஆபீசர் உன்னைப் பாத்துச் சிரிச்சான். இந்தக் குண்டுப் பொண்ணுக்கு என்ன வயசுன்னு கேக்கச் சொன்னான். உங்கப்பா ஒன்பதுன்னாரு. பெத்த புள்ளை வயசு தானா வாயில வந்துருச்சு. அவன் உன்னைப் பாத்தான், என்னைப் பாத்தான். ரெண்டு பேரும் ஒரே ஒசரம். சிரிப்பு நின்னுபோச்சு. உங்கப்பாவைக் கன்னத்துல ரெண்டு அறை விட்டான். பட்டியலைப் பிடுங்கி அவர் மூஞ்சியிலயே எறிஞ்சான். என்னை விட்டுட்டாங்க."

"அதைத்தானே நானும் சொன்னேன். விட்டுட்டாங்க, லோரி போயிருச்சு."

"பதினாலு பேரோடயா? பதினஞ்சு கேட்டவன் பதினாலோட போவானா? உங்க வீட்டுல அப்படிச் சொல்லி உன்னை வளத்திருப்பாங்க. வரிசையை விட்டு வெளிய வந்து நின்னவ ஒருத்திதான். பரஞ்சோதியக்கா. என் தோளை விட்ட அதே சிப்பாய் அவ தோளைப் புடிச்சான். அப்பவும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. அக்கா அழுவலை, அத்தனை பேரையும் திட்டிக்கிட்டேதான் ஏறுனா. திரும்பி வரலை. மொதல்ல அதை எழுது. அப்புறம் எடம் இருந்தா நீ கடிச்சதை எழுதிக்க."